காணாமல் போன குதிரைத்திறன்

மோட்டார் வாகனத்தின் ஆற்றல் முழுவதும் பெட்ரோலில் இருப்பதாகவே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். என்ஜினுக்குள் பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் செலுத்திவிடலாம். அதை எரிப்பதற்கான காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பொருளியல் மொழியில் சொன்னால், இங்கே பற்றாக்குறையான உற்பத்திக் காரணி எரிபொருள் அல்ல, காற்று.

அந்தக் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிர்ந்தளிக்கும் கிளைக்குழாய்த் தொகுதியை 'இன்டேக் மேனிஃபோல்டு' என்பர். முன்பு பெரும்பாலும் அலுமினியத்தில் வார்க்கப்பட்ட இந்த உறுப்பை, வாகன உரிமையாளர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால், இதன் உட்புறம் சரியில்லாத காரணத்தாலும் ஒரு பெரிய நிறுவனம் தான் விற்ற கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம், 1999-ஆம் ஆண்டு மஸ்டாங் கோப்ரா காரை 320 குதிரைத்திறன் கொண்டது என அறிவித்து விற்றது. முந்தைய ஆண்டுக் காரின் திறன் 305. கூடுதலான 15 குதிரைத்திறனுக்கு ஆசைப்பட்டு வாங்கியவர்கள் காரை டைனமோமீட்டரின் உருளைகள் மீது ஏற்றி அளந்தபோது, அந்தக் கூடுதலைக் காணவில்லை. என்ஜினில் பிறக்கும் திறனில் ஒரு பகுதி கியர்பெட்டியிலும் அச்சிலும் கரைந்துவிடுவதால், சக்கரத்தில் அளக்கும் எண் எப்போதும் குறைவாகவே இருக்கும். எந்த நிறுவனமும் இதைச் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால், பழைய 305 குதிரைத்திறன் காரும் அதே வகை உருளைகள் மீது ஓடியிருந்ததே! அதைவிடப் புதிய கார் மேலாக இல்லை என்பதற்கு அந்தச் சமாதானம் பதிலாகாது. 1999 ஆகஸ்டில் ஃபோர்டு விற்பனையை நிறுத்தியது. விற்ற கார்களையும் திரும்ப அழைத்தது.

குறை எங்கே இருந்தது? அதை அறிய சிறிய கணக்கு ஒன்று போதும். அந்த என்ஜினின் கொள்ளளவு 4.6 லிட்டர், எட்டு சிலிண்டர்கள். நான்கு வீச்சு என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சு வாங்கும். ஆகவே, நிமிடத்துக்கு 6,000 சுற்றில் அது 13,800 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும். அதாவது, விநாடிக்கு 230 லிட்டர். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் நேரம் ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கு. ஏறத்தாழ அந்த நேரத்துக்குள் அரை லிட்டருக்கும் மேலான காற்று வளைந்த குழாய் வழியே ஓடிவந்து வால்வைக் கடந்து நிரம்பியாக வேண்டும். இத்தனை விரைவில் ஓடும் காற்றுக்கு நகக்கண் அளவு மேடும் தடைதான்.

அத்தகைய மேடுகள் வார்ப்பிலேயே பிறக்கின்றன. குழாயின் உட்குடைவை உண்டாக்க, மணலைக் கெட்டிப்படுத்தி ஓர் உட்கருவைச் செய்து அச்சுக்குள் வைத்து, சுற்றிலும் உருகிய அலுமினியத்தை ஊற்றுகிறார்கள். ஆறியபின் மணலை உதிர்த்துவிட்டால் குடைவு கிடைக்கும். மணலின் சொரசொரப்பு உலோகத்தில் பதிந்துவிடும். உட்கருவின் துண்டுகள் சேரும் இடுக்கில் உலோகம் கசிந்து பிசிறாக நிற்கும். உட்கரு சற்றே நகர்ந்தால், குழாயின் வாயும் சிலிண்டர் தலைப்பின் துளையும் நேர்படாமல் படிபோல ஒரு விளிம்பு உருவாகும். வெளிப்புறப் பிசிறை எவரும் பார்த்து அராவிவிடலாம். உள்ளே இருப்பது கண்ணுக்கும் கைக்கும் எட்டாது. பம்ப் உறைகளை வார்க்கும் கோவைத் தொழில்முனைவோருக்கு இது புதிய செய்தியன்று. நீர்ப்பாதையின் சொரசொரப்பு பம்பின் செயல்திறனைத் தின்பதை அவர்கள் நன்கு அறிவர்.

இவற்றைச் சீராக்கும் வேலையைத்தான் மெக்கானிக்குகள் 'போர்ட்டிங்' என்கின்றனர். இணைப்பில் வைக்கும் கேஸ்கட்டை வார்ப்புருவாகக் கொண்டு கோடு கிழித்து, சுழலும் கார்பைடு அரத்தால் மிகையான உலோகத்தைச் சுரண்டி, மேனிஃபோல்டின் வாயைச் சிலிண்டர் தலைப்பின் துளையோடு பொருத்துவது முதல் படி. பிறகு பிசிறுகளை நீக்கி வளைவுகளை மென்மையாக்குவர். அலுமினியம் மென்மையான உலோகம்; அரத்தின் பற்களில் ஒட்டிக்கொள்ளும். எனவே, அகன்ற பற்கள் கொண்ட அரத்தை எண்ணெய் தொட்டுப் பயன்படுத்த வேண்டும். கொஞ்சம் அதிகம் சுரண்டினாலும் சுவர் ஓட்டையாகிவிடும்.

இதில் பரவலான மூடநம்பிக்கைகள் இரண்டு. குழாயைக் கண்ணாடிபோல் மெருகேற்ற வேண்டும் என்பது ஒன்று. பிசிறும் படியும் போனபின் மெருகேற்றுவதால் கிடைக்கும் பயன் மிகச் சொற்பம். எரிபொருள் கலந்து ஓடும் பகுதியில் அளவான சொரசொரப்பு பெட்ரோல் துளிகள் சுவரில் படிந்து வழியாமல் தடுக்கவும் உதவுகிறது. மெருகு பெரும்பாலும் வாடிக்கையாளரின் கண்ணுக்காகவே செய்யப்படுகிறது என்பது என் கருத்து. துளை பெரிதானால் திறனும் பெருகும் என்பது இரண்டாவது. துளையை அகலமாக்கினால் காற்றின் வேகம் குறையும். வேகமாக வரும் காற்று, பிஸ்டன் கீழே போய்த் திரும்பத் தொடங்கிய பின்னரும் தன் உந்தத்தால் உள்ளே புகுந்துகொண்டிருக்கும். வேகம் குறைந்தால் அந்த இலவச லாபம் போய்விடும். நகர நெரிசலில், குறைந்த சுற்றுகளில், வண்டி இழுக்காது. வகுப்பில் குறைந்து செல் விளைவு விதியை விளக்க நிலமும் உரமும் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். இங்கே ஓரளவுக்கு மேல் சுரண்டினால் விளைவு குறைவதோடு நிற்பதில்லை, எதிர்மறையாகவே ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரு நெருக்கடியை நீக்கினால் அடுத்த நெருக்கடி தலைதூக்கும். உள்ளே வரும் வழியைச் சீராக்கிவிட்டு வெளியேறும் வழியை அடைத்து வைத்தால் பயனில்லை. ஃபோர்டு அதனால்தான் மேனிஃபோல்டோடு நிற்கவில்லை; வினையூக்கி மாற்றிக்குப் பின்னுள்ள புகைக்குழாய்த் தொகுதியையும் என்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினியையும் சேர்த்தே மாற்றிக் கொடுத்தது. புதிய மேனிஃபோல்டுகளை அரத்தால் சுரண்டவில்லை. சிராய்ப்புத் துகள்கள் கலந்த, பிசைந்த மாவு போன்ற பாலிமரை அழுத்தத்தில் குழாய்க்குள் முன்னும் பின்னும் தள்ளித் தேய்த்தெடுக்கும் முறை கையாளப்பட்டது. கை எட்டாத வளைவிலும் அது நுழையும். வழி குறுகிய இடத்தில் அதிகம் தேய்க்கும். 2000-ஆம் ஆண்டில் பந்தயத்துக்கான 300 கோப்ரா ஆர் கார்கள் தவிர வழக்கமான கோப்ரா விற்பனைக்கு வரவில்லை. 2001-இல் அதே 320 என்ற எண்ணோடு அது திரும்பியது.

அதே 2001-இல் மஸ்தா நிறுவனத்துக்கும் அமெரிக்காவில் இதே சிக்கல். மியாட்டா காருக்கு 155 குதிரைத்திறன் என்று சொல்லியிருந்தது; உண்மையில் 142. மஸ்தா எண்ணைத் திருத்திக்கொண்டு, விரும்பாதவர்களிடமிருந்து காரைத் திரும்பப் பெற முன்வந்தது. ஃபோர்டு எண்ணுக்கேற்ப உலோகத்தை மாற்றியது. மஸ்தா உலோகத்துக்கேற்ப எண்ணை மாற்றியது. இரண்டும் நேர்மையான வழிகளே. ஆனால், 320-க்கான விலையைக் கொடுத்தவருக்கு 320-ஐயே கொடுப்பது மேலானது என்பேன்.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாதபோது சந்தை எப்படிச் சீர்குலையும் என்பதை ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார் சந்தை. கோப்ரா விவகாரமோ, புதிய காரிலும் அந்த இருட்டு உண்டு என்பதைக் காட்டியது. அதில் தயாரிப்பாளரே குழாய்க்குள் இருந்ததை அறிந்திருந்தாரா என்பதும் ஐயமே. அந்த இருட்டை விலக்கியது அரசோ நீதிமன்றமோ அல்ல, வாடகைக்குக் கிடைத்த ஓர் அளவுகருவி.

நம் நாட்டில் இத்தகைய குறைக்கு என்ன தீர்வு? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. ஆனால், அந்தக் குறை சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநர், பயணி, பிற சாலைப் பயனர்களுக்கோ தீங்கு விளைவிப்பதாக இருக்க வேண்டும். சொன்ன திறன் வராதது இதில் அடங்குவது கடினம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தவறான விளம்பரம் என்று முறையிடலாம். மெய்ப்பிக்க அளவீடு வேண்டும். தானே மேனிஃபோல்டைச் சுரண்டிக் குறையைச் சரிசெய்யலாம் என்று நினைப்பவரை, பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்னும் 52-ஆவது பிரிவு எச்சரிக்கும்.

புதிய மாதிரிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு புணேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற அமைப்புகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. தயாரிப்பு வரிசையிலிருந்து அவ்வப்போது சில வண்டிகளை எடுத்து, சக்கரத்தில் கிடைக்கும் திறனை அளந்து, முடிவை மாதிரிவாரியாகப் பொதுவில் வெளியிடப் புதிய சட்டமோ பெருஞ்செலவோ தேவைப்படாது. விலைப்பட்டியலில் அச்சிடும் எண்ணுக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் அச்சிடச் சொல்லலாம்.