பேட்டரியின் மேல் விழும் பழி

பெங்களூரில் ஆஸ்டின் டவுனுக்கும் விவேக் நகருக்கும் அண்டையில், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நீலசந்திராவின் குறுகலான சந்துகளில், கார் நுழைய இடமில்லாத வாசல்தோறும் மோட்டார் சைக்கிள்கள் நெருக்கியடித்து நிற்பதைக் காண்கிறவர்களுக்கு, அப்பேட்டையில் இரு சக்கர வண்டிப் பட்டறைகளுக்கு ஏன் பஞ்சமில்லை என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி மாதத்துக் காலைக் குளிரில் அத்தகைய பட்டறைக்கு உருட்டிக்கொண்டு வரப்படும் வண்டிகளில் பலவற்றின் குறை ஒன்றேதான். "அண்ணா, ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு, காலையில செல்ஃப் அமுக்கினா டிக் டிக்குன்னு சத்தம்தான் வருது, எஞ்சின் சுத்தல." இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பும் ஒன்றேதான்: "பேட்டரி போச்சு, புதுசு போட்டுடலாம்." குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் ரசாயனக் கிரியை மந்தப்படுவதால், மற்ற நாட்களில் மறைந்திருந்த பலவீனம் அன்று வெளிப்படுவது உண்மையே; புதியது போட்டதும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்புவதும் உண்மையே. ஆனால் இரண்டொரு மாதத்தில் அதே சத்தம் மறுபடியும் கேட்குமானால், பழைய பேட்டரி தானாகச் சாகவில்லை, வேறெதனாலோ பட்டினி போடப்பட்டுச் செத்தது என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

பேட்டரிக்குத் தீனி எங்கிருந்து வருகிறது? காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று கடந்து அசையுமானால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் பாரடே 1831-இல் கண்ட தத்துவத்தில்தான் உலகின் மின் நிலையங்கள் பலவும் ஓடுகின்றன. பெங்களூர்வாசிகளுக்கு இதில் தனிப் பாத்தியதையும் உண்டு. காவேரி விழுந்து பாயும் சிவசமுத்திரத்தில் 1902-இல் இயங்கத் தொடங்கிய நிலையத்திலிருந்து 90 மைலுக்கு மேல் கம்பி இழுத்து, தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாய் உழைத்த கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பப்பட்டதும், 1905 ஆகஸ்டில் இந்நகரத்து வீதிகளில் மின் விளக்கு எரியத் தொடங்கியதும் அந்தத் தத்துவத்தின் பலனே. அங்கே காவேரி செய்த வேலையை வண்டியில் பெட்ரோல் செய்கிறது. எஞ்சினின் பக்கவாட்டு மூடிக்குள், கிராங்க் தண்டின் நுனியில் நிரந்தரக் காந்தங்கள் பதித்த கிண்ணம் போன்ற சக்கரம் சுழல, அதன் உட்புறத்தில் அசையாமல் அமர்ந்திருக்கும் செப்புச் சுருளில் மின்சாரம் எழுகிறது. பட்டறைக்காரர் இச்சுருளை மேக்னட் காயில் என்பார்கள்.

இவ்வாறு எழும் மின்சாரம் திசை மாறி மாறி ஓடுவது. பேட்டரியோ ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தை மட்டுமே ஏற்பது. ஆதலால் இரண்டுக்கும் இடையே ஆர்.ஆர். யூனிட் என்ற அலுமினியப் பெட்டி ஒன்று நின்று, திசையை ஒழுங்குபடுத்துவதோடு, எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.5 வோல்ட்டைத் தாண்டாமல் காக்கிறது. மைசூரில் 1961 முதல் ஐடியல் ஜாவா கம்பெனி தயாரித்த ஜாவா வண்டிகளில் திசையை ஒழுங்குபடுத்தும் வேலையே இல்லை; அவற்றிலிருந்த 6 வோல்ட் டைனமோ, தேயும் கார்பன் பிரஷ்களின் வழியாக நேர் மின்சாரத்தையே கொடுத்தது. பிரஷ்ஷைத் தேய்த்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவன் பாதி எலக்ட்ரீஷியன் என்றிருந்த காலம் அது.

இன்றைய வண்டியில் செலவு பெருகிவிட்டது. 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு எரிந்தே ஆக வேண்டும். 2020-இல் வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு பெரும்பாலான வண்டிகளில் எரிபொருளைப் பீய்ச்சும் மின் பம்பும் அதை ஆளும் கணினியும் சேர்ந்துகொண்டன. 35 வாட் முன்விளக்கும் 5 வாட் பின்விளக்கும் சேர்ந்தாலே 12 வோல்ட்டில் 3 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வரவு இல்லாமற் போனால் 4 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றேகால் மணி நேரங்கூடத் தாங்காது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது காயிலின் உற்பத்தியும் குறைவு. ஆகவே ஓசூர் ரோட்டு நெரிசலில் ஊர்ந்து, சிக்னலுக்குச் சிக்னல் அணைத்து அணைத்து செல்ஃப் அடித்துக்கொண்டு போகிறவர், ஒவ்வொரு முறையும் பல பத்து ஆம்பியர்களைச் செலவழித்துவிட்டு, திரும்பச் சேர்க்க அவகாசமே கொடுப்பதில்லை. வண்டியில் எந்தப் பழுதும் இல்லாமலேயே பேட்டரி இளைப்பதற்கு இது ஒரு காரணம். பழைய நூறு சி.சி. வண்டிகளில் பலவற்றுக்கு இக்கவலை இல்லை. பேட்டரி அடியோடு செத்திருந்தாலும் கிக்கரை உதைத்தால் ஓடிவிடும். அந்தச் சௌகரியத்தினாலேயே அவற்றின் சார்ஜிங் கோளாறு மாதக்கணக்கில் எவர் கண்ணிலும் படாமற் போனதும் உண்டு.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றிருந்தால் ஊகத்துக்கு இடமில்லை. வண்டியைச் சில மணி நேரம் ஓய்வாக நிறுத்திவைத்து, பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே அளந்தால், நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், 12.4 என்றால் முக்கால், 12-க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. அடுத்து, செல்ஃபை அமுக்கும்போது எண் 10-ஐ ஒட்டி நிற்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியே அந்த நொடியில் 8, 7 என்று சரியுமானால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப்போயிற்று என்று கொள்ளலாம். அப்போது மட்டுமே பேட்டரியை மாற்றச் சொல்வது நியாயம். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரை நிதானமாக முறுக்கிக்கொண்டே மீட்டரைப் பார்க்க வேண்டும். எண் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் ஏறி நின்றால் சார்ஜிங் ஆரோக்கியமாக இருக்கிறது. ஏறாமல் 12-இலேயே கிடந்தால் வரவு வழியில் எங்கோ அடைப்பு.

அடைப்பு என்றதும் காயிலைக் கழற்ற ஓடுவது பலருடைய வழக்கம். என் அபிப்பிராயம் வேறு. முதலில் கப்ளர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காயிலிலிருந்து வரும் கம்பிகள் ஆர்.ஆர். யூனிட்டைச் சேரும் இடத்தில் இருக்கும் வெள்ளை நைலான் கப்ளர், பழுதான வண்டியில் பெரும்பாலும் வெள்ளையாக இராது. ஒரு மூலையில் மட்டும் பழுப்பேறி, சற்றே உருகிக் குழைந்து, உள்ளே பித்தளை நாக்கு கறுத்து, கம்பியின் நுனியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை விட்டு விட்டுப் பெய்யும் மழையும், வாட்டர் சர்வீஸ் கடையில் பீய்ச்சியடிக்கும் நீரும் சேர்ந்து செய்யும் வேலை இது. களிம்பினால் அந்த இணைப்பில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை உண்டானாலும், 10 ஆம்பியர் பாயும்போது 1 வோல்ட் அங்கேயே தொலைந்து, 10 வாட் உஷ்ணமாக மாறுகிறது; உஷ்ணத்தால் நாக்கு மேலும் கறுக்க, தடை மேலும் வளர்கிறது. கப்ளரை மாற்றி, நாக்குகளைச் சுத்தம் செய்தாலே தீர்ந்துபோகும் இந்தக் குறைக்காக ஜே.சி. ரோட்டுக்குப் போய்ப் புதுக் காயில் வாங்கி மாட்டியவர்கள் ஏராளம். அதே விதமாக, எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அளந்து, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றித் துரு நீக்க வேண்டும்.

இணைப்புகள் சுத்தமாயிருந்தும் சார்ஜ் ஏறவில்லையென்றால் காயிலின் முறை. மூன்று மஞ்சள் கம்பிகள் வெளிவரும் பெரிய வண்டிகளில், கப்ளரைப் பிரித்துவிட்டு இரண்டிரண்டாக அளந்தால் தடை மூன்று முறையும் சமமாக, 1 ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். எந்தக் கம்பிக்கும் எஞ்சின் உடலுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. (ஒரே சுருள் கொண்ட சிறிய வண்டிகளில் சுருளின் ஒரு முனை எர்த்திலேயே முடிவதுண்டு, அங்கே இக்கடைசிப் பரீட்சை செல்லாது.) எஞ்சினை வேகமாக ஓட்டி, ஏ.சி. அளவையில் பார்த்தால் மூன்று ஜோடியிலும் ஏறக்குறைய ஒரே எண் ஐம்பது வோல்ட்டுக்கு மேல் வரும். ஒரு ஜோடியாவது பின்தங்கினால் காயில் எரிந்திருக்கிறது. மூன்றும் ஒத்திருந்தும் பேட்டரிக்குச் சேரவில்லையென்றால் ஆர்.ஆர். யூனிட்தான் மிச்சம்.

அந்தப் பெட்டி கெடுவதற்கு முக்கிய காரணம் சூடு. பேட்டரி நிறைந்த பின் மிஞ்சும் மின்சாரத்தைப் பல வண்டிகளில் அது எர்த்துக்குத் திருப்பிவிட்டு, அந்த உஷ்ணத்தைத் தன் மடிப்புகளின் வழியாகக் காற்றில் கரைக்கிறது. மடிப்புகளில் சேறு அப்பியிருந்தால் வெந்துபோகும். பேட்டரிக்குப் பளுவைக் குறைக்கிறேன் என்று எல்லா விளக்குகளையும் எல்.ஈ.டி.யாக மாற்றுகிறவர், இவ்வகைப் பெட்டிக்குப் பளுவைக் கூட்டுகிறார் என்பது விசித்திரமான உண்மை. கெட்ட பெட்டி நேர்மாறாகவும் நடப்பதுண்டு. மீட்டர் 15-ஐத் தாண்டி ஏறினால், பேட்டரிக்குள் திராவகம் கொதித்து நீர் வற்றும், பல்புகள் ஒவ்வொன்றாக ஃபியூஸ் போகும். அந்நிலையில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

மூன்றாவதாக ஒரு நிலைமை உண்டு. சார்ஜ் சரியாக ஏறுகிறது, ஓடும்போது குறையில்லை, மூன்று நாள் நிறுத்திவைத்தால் மட்டும் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியை அணைத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே மீட்டரை ஆம்பியர் அளவையில் கோத்தால் சில மில்லி ஆம்பியர் மட்டுமே காட்ட வேண்டும். 50 காட்டினால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி கசிகிறது. 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு நான்கு நாளில் கதை முடியும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்து, எதை உருவியதும் எண் சரிகிறதோ அந்தக் கிளையைப் பின்தொடர்ந்து போனால், கம்பெனி கொடுத்த வயரிங்கில் குற்றம் இருப்பது அபூர்வம். கடையில் பின்னால் மாட்டிய அலாரம், ஜி.பி.எஸ்., மொபைல் சார்ஜர் ஆகியவற்றில் ஒன்று நேராகப் பேட்டரியிலேயே முறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். சார்ஜரானால் அதைப் பிரித்து, சாவி திறந்தால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியில் ஒரு ஃபியூஸோடு சேர்த்துவிட்டால் போதும். சாவி அணைந்த பின்னும் விழித்திருக்க வேண்டிய அலாரத்தை அப்படிச் சேர்க்க முடியாது. அதற்குக் குறைவாக இழுக்கும் சாதனமாகப் பார்த்து வாங்குவதும், ஊருக்குப் போகும் வாரங்களில் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவைப்பதும்தான் வழி.