பி.டி. பீரியட்ல கோலாட்டம் ஆடினா கணக்கு வருமா?

ராயகிரியில இருந்து ஒரு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. எட்டாவது படிக்கிற பொண்ணோட பி.டி. பீரியடை கணக்கு சார் வாங்கிக்கிறாராம். “ஆண்டு விழா கோலாட்டம் மட்டும்தான் மிச்சம். அதுவும் வேஸ்ட்டா தம்பி?”

வேஸ்ட் இல்லக்கா. கோலாட்டத்துல அடுத்த அடி ஞாபகத்துல இருக்கணும். எதிர்ல நிக்கிற ஆள் மாறிட்டே இருப்பாங்க. பழைய பக்கம் போற கையை நிறுத்தி, புது ஆளோட கோல்ல தாளம் தப்பாம தட்டணும். ஞாபகம் வச்சுக்கிறது, அவசரத்தை அடக்குறது, சட்டுனு மாத்திக்கிறது. உளவியல்ல இதுக்கு ‘எக்சிகியூட்டிவ் ஃபங்ஷன்’னு பேரு. கணக்கு போடவும் இதேதான் வேணும்.

அப்போ கிரவுண்டைச் சுத்தி ஓடினா போதாதா? 2008-ல வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு. 13 முதல் 16 வயசுப் பசங்க, வெறும் 10 நிமிஷம். ஒரு குழுவுக்கு கை-கால் ஒருங்கிணைப்புப் பயிற்சி, இன்னொண்ணுக்கு வழக்கமான விளையாட்டு. இதயத்துடிப்பு ரெண்டுலயும் ஒரே அளவுதான். கவனத் தேர்வுல ரெண்டுமே முன்னேறுச்சு, ஆனா முதல் குழு அதிகமா. அது நடனம் இல்லதான். கோலாட்டம் கேக்குறதும் அதே ஒருங்கிணைப்பு.

சென்னையில மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், பதின்வயசுப் பெண்களுக்காக ‘தாண்டவ்’னு ஒரு நடன உடற்பயிற்சியே உருவாக்கியிருக்காங்க. அதோட முதல் நோக்கம் சர்க்கரை நோய் மாதிரி நோய்களைத் தடுக்கிறது.

மார்க் ஏறும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஜெர்மன்காரங்க அளந்தது உடனடிக் கவனத்தை மட்டும். ஸ்டெப் பழகிட்டா மூளைக்கு வேலையும் குறையும். அதனால அக்கா, ஸ்கூல்ல பேசும்போது ஆண்டு விழாவை விடுங்க. வாராவாரம் ஒரு புது அடி, கணக்கு பீரியடுக்கு முன்னாடி 10 நிமிஷம், அதைக் கேளுங்க.