பொருளியலும் அதன் இணைப்பாடமும்: நெய்வேலி மண் எழுப்பும் வினாக்கள்

நெய்வேலியில் வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். ஒரு கிலோ கரி எரிந்து தரும் வெப்பம் 2,600 கிலோகலோரி அளவே. உயர்ந்த வகைக் கருநிலக்கரி தருவதில் இது பாதிக்கும் குறைவு. இதனைத் தொடர்வண்டியில் ஏற்றித் தொலைவூர்களுக்கு அனுப்பினால், கட்டணத்தில் பாதி நீரைச் சுமந்து செல்லவே போய்விடும். வெட்டிக் குவித்து வைத்தாலோ உலர்ந்து நொறுங்கும். தானே தீப்பற்றும் இயல்பும் உண்டு. ஆதலால் சுரங்கத்தின் அருகிலேயே எரித்து, மின்னாற்றலாக்கிக் கம்பிவழி அனுப்புவதே தக்கதாயிற்று. கரியின் நீரளவைச் சொன்னது வேதியியல். அந்நீரைச் சுமக்கும் செலவைச் சொன்னது பொருளியல். இரண்டும் ஒருங்கே எண்ணப்பட்டமையால்தான் மின்நிலையமும் நகரியமும் இவ்விடத்தில் எழுந்தன.

இளங்கலைப் பட்டத்தில் பொருளியலோடு வேறொரு பாடத்தையும் இணைத்துக் கற்பது பற்றிய ஆய்வுக்கு நெய்வேலியைவிடப் பொருத்தமான களம் அரிது. இங்கு மண்ணும் நீரும் விலையும் சட்டமும் ஒரே குழிக்குள் சந்திக்கின்றன.

பட்டப்படிப்பின் அமைப்பு

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் இளங்கலைப் படிப்பு நெடுங்காலமாகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதற்பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதியில் முதன்மைப் பாடமும் அதனைச் சார்ந்த பாடமும். மாணவர் வழக்கில் ‘அல்லைடு’ எனப்படும் அச்சார்புப் பாடமே இணைப்பாடத்தின் எளிய வடிவம். பொருளியல் மாணவருக்குப் புள்ளியியல், கணிதம், வணிகவியல், வரலாறு போன்றவற்றுள் ஒன்று சார்புப் பாடமாக அமையும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 திசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. மூன்றாண்டுப் பட்டத்தின் 120 மதிப்புப் புள்ளிகளுள் இரண்டாம் துறையில் 48 புள்ளிகளை ஈட்டும் மாணவர் இரு முதன்மைப் பாடங்களில் பட்டம் பெறலாம் என்று அது வகுத்தது. அதே ஆண்டு ஏப்ரலில், ஒரே காலத்தில் இரு பட்டங்கள் பயிலவும் அக்குழு இசைவு தந்தது.

இணைத்துக் கற்பது புதுமையன்று. ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகம் மெய்யியல், அரசியல், பொருளியல் மூன்றையும் ஒரே பட்டமாக 1920-ஆம் ஆண்டளவில் கட்டியது. கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் 1951-இல் சேர்ந்த அமர்த்தியா சென் பொருளியலை முதன்மையாகவும் கணிதத்தைத் துணையாகவும் கொண்டார். எருசலேமில் 1954-இல் பட்டம் பெற்ற தானியல் கானமனுக்கு முதன்மைப் பாடம் உளவியல், துணைப்பாடம் கணிதம். பொருளியலை அவர் முறையாகப் பயின்றவரே அல்லர். ஆயினும் 2002-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவரை அடைந்தது.

எனவே இரு பாடம் கற்கலாமா என்னும் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. எப்பாடத்தை இணைப்பது என்பதே எஞ்சும் வினா. மதிப்பெண் எளிதில் வரும் தாளைத் தேர்வது பலர் வழக்கம். மாணவன் விடை தேடும் சிக்கலே இணைப்பாடத்தைத் தேர வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

மண்ணியலும் வேதியியலும்

1930-களில் நெய்வேலி நிலவுடைமையாளர் சம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் வெளிப்பட்டது. அது கரி என்று அறிந்ததற்கும், எடுக்கத் தகுந்த கரி என்று முடிவு செய்ததற்கும் இடையே இருபதாண்டுகள் கடந்தன. 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே திங்களில் தலைமை அமைச்சர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் கரிப்படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் முதல் மின்னாக்கி சுழன்றது.

அத்தனை காலத் தயக்கத்துக்கு அடிப்படை ஒரு விகிதம். கரிப்படுகையின்மேல் ஐம்பது முதல் நூறு மீட்டர் வரை மணலும் களியும் மூடியுள்ளன. முதற் சுரங்கத்தில் ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேற்பட்ட மேல்மண்ணை அகற்றியாக வேண்டும். இவ்விகிதம் உயர உயரக் கரியின் அடக்கவிலை ஏறும். ஓர் எல்லைக்கு அப்பால், மண்ணுக்குள் கரி இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். கனிம இருப்பு எவ்வளவு என்னும் வினாவுக்கு நிலவியலார் மட்டும் விடை கூற இயலாது. மின்விலை உயர்ந்தால் இருப்பும் பெருகும், வீழ்ந்தால் சுருங்கும். நில வரைபடத்தையும் விலைப்பட்டியலையும் சேர்த்துப் படிக்க வல்லவருக்கே இருப்பு என்னும் எண்ணின் பொருள் விளங்கும்.

இவ்வகைப் படிப்பாளிக்கு முன்னோடி வில்லியம் இசுடான்லி செவான்சு. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வேதியியலும் தாவரவியலும் பயின்று, 1854-இல் சிட்னி நாணயச் சாலைக்கு உலோக மாற்றுப் பார்க்கும் பணிக்குச் சென்றவர் அவர். திரும்பி வந்து பொருளியல் கற்றார். 1865-இல் அவர் வெளியிட்ட நிலக்கரி பற்றிய நூல், பிரித்தானியாவின் தொழில் மேன்மை எத்தனை காலம் நிலைக்கும் என்று ஆராய்ந்தது. எந்திரங்கள் கரியைச் சிக்கனமாக எரிக்கத் தொடங்கினால் கரியின் செலவு குறையும் என்று அனைவரும் நம்பினர். அவர் மறுத்தார்: சிக்கனத்தால் ஆற்றல் மலிவாகும்; மலிவானது புதிய தொழில்களுக்கெல்லாம் பரவும்; முடிவில் மொத்தச் செலவு கூடும். எந்திரத்தின் இயல்பையும் சந்தையின் இயல்பையும் ஒருசேர அறிந்த உள்ளத்திலேயே இக்கருத்து தோன்ற முடியும்.

கணிதம்

கரி மீண்டும் விளையாத செல்வம். இன்று எடுப்பதா, நாளைக்கு விட்டுவைப்பதா? இவ்வினாவைக் கணிதமாக்கியவர் ஆரல்டு ஓட்டலிங். அவர் 1919-இல் பெற்ற இளங்கலைப் பட்டம் இதழியலில். 1924-இல் பிரின்சுடனில் பெற்ற முனைவர் பட்டம் கணிதத்தில். 1931-இல் அவர் எழுதிய கட்டுரை, தீர்ந்துபோகும் வளங்களின் பொருளியலுக்கு அடிக்கல்.

அவர் வாதம் எளிமையானது. மண்ணுள் கிடக்கும் கரியும் ஒரு முதலீடே. எடுக்கும் செலவு போக அதில் நிற்கும் ஆதாயம் வட்டி விகிதத்தைவிட மெல்ல வளர்ந்தால், உரிமையாளர் இன்றே வெட்டி விற்றுப் பணத்தை வட்டிக்கு விடுவார். வேகமாக வளர்ந்தால் வெட்டாமல் காத்திருப்பார். இரண்டும் சமமாகும் பாதையில்தான் எடுப்பு சீராக நடக்கும். இதனை நிறுவ நுண்கணிதம் வேண்டும். அறிமுகப் பொருளியல் தாளில் வரும் கோடுகள் போதா.

கணிதத்தின் வலிமையோடு அதன் இடரையும் இங்கே காணலாம். கரி எடுத்த குழியை நிரப்பிச் சமன்செய்து, மரம் வளர்க்க 20 ஆண்டுகள் கழித்து 100 ரூபாய் செலவாகும் என்று ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டியில் கழித்துப் பார்த்தால் அச்செலவின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 21 ரூபாய். 3 விழுக்காட்டில் பார்த்தால் 55 ரூபாய். செலவும் ஒன்றே, காலமும் ஒன்றே. விகிதம் உயர்ந்ததும் பிற்காலத்தார் சுமை பாதிக்கும் கீழாகச் சிறுத்துவிட்டது. எந்த விகிதம் முறையானது என்று கணிதம் சொல்லாது. பிறக்காத தலைமுறைக்கு நாம் என்ன கடன்பட்டுள்ளோம் என்பது அறவியல் வினா. கணிதத்தைத் துணையாகக் கொண்டு தொடங்கிய சென்னும் பின்னர் மெய்யியலுக்குள் ஆழ்ந்து சென்றார்.

ஓட்டலிங்கின் விதி நெய்வேலியில் அப்படியே செல்லுபடியாகாது என்பதும் குறிக்கத்தக்கது. இங்கே கரியை எடுப்பதும் பெரும்பகுதியை எரிப்பதும் பொதுத்துறை நிறுவனம். மின்விலையைத் தீர்மானிப்பது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஆகையால் அடுத்த இணைப்பாடத்தின் கதவு திறக்கிறது.

அரசியலும் சட்டமும் சமூகவியலும்

கரிப்படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்ட ஊற்றுநீர் உள்ளது. சதுரச் சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அது மேல்நோக்கி உந்துகிறது. இரவும் பகலும் எக்கிகள் இறைத்து அழுத்தத்தைத் தணித்தால் ஒழியச் சுரங்கத்தின் தரை வெடித்து நீர் புகும். இறைத்த நீர் மின்நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் பாசனத்துக்கும் போகிறது. சென்னையின் வறட்சிக் காலங்களில் தலைநகரும் நெய்வேலி நீரை நாடியுள்ளது. சுற்றூர் உழவரின் ஆழ்துளைக் கிணறுகளும் இதே நீர்த்தொகுதியை நம்பியவை. இந்நீர் யாருடையது?

தனியார் உடைமை, அரசு உடைமை என்னும் இரண்டே விடைகளைப் பழைய பொருளியல் அறிந்திருந்தது. மூன்றாவது விடையைத் தேடியவர் எலினார் ஆசுட்ரம். அவர் பயின்றது அரசியல் அறிவியல். கலிபோர்னியாவின் கடலோர நிலத்தடி நீர்ப்படுகை ஒன்றில் மட்டுமீறிய இறைப்பால் கடல்நீர் ஏறியபோது, இறைப்போர் தாமே கூடி விதி வகுத்துக் காத்த வரலாற்றை 1965-இல் முனைவர்ப் பட்ட ஆய்வாக எழுதினார். பொதுவளத்தை மக்கள் கூடி ஆளும் நெறிகளை அதன்பின் உலகெங்கும் ஆராய்ந்து, 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதற்பெண் அவரே.

நிலமும் இவ்வாறே வினா எழுப்புகிறது. 1894-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் ஆறுதல் தொகை, 1984-இல் திருத்தியபின், சந்தை மதிப்பில் 30 விழுக்காடு. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இழப்பீட்டுத் தொகையில் 100 விழுக்காடு. சமூகத் தாக்க மதிப்பீடும் கட்டாயமாயிற்று. எச்சட்டத்தின்கீழ், எவ்வாண்டில் எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து ஒரே காணி நிலத்தின் விலை மாறுகிறது. 2023 சூலையில் நெய்வேலிக்கு அருகிலுள்ள வளையமாதேவியில் கால்வாய்ப் பணிக்காக நின்ற நெற்பயிருக்குள் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். பயிரிட்ட உழவரோ தம் வாழ்வு பறிபோவதாகக் கொதித்தனர். நிலத்தின் விலையும் அந்நிலத்தால் நடந்த வாழ்வின் மதிப்பும் வேறு என்பதை அந்நிகழ்ச்சி நாடறியச் செய்தது. முன்னதைக் கணிக்கப் பொருளியல் போதும். பின்னதை அறியச் சமூகவியலாரைப் போல ஊருக்குள் சென்று கேட்டாக வேண்டும்.

அதற்கும் இப்பகுதியிலேயே மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1915-இல் பொருளியலின் முதற் பேராசிரியரான கில்பர்ட் சிலேட்டர், மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன், உணவு ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்தார். 1918-இல் நூலாக வந்த அத்தொகுப்பில், நெய்வேலியும் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் இருவேல்பட்டும் ஓர் ஊர். பின்வந்த ஆய்வாளர்கள் அவ்வூருக்குத் திரும்பத் திரும்பச் சென்று மாற்றங்களை அளந்துள்ளனர்.

கணக்கியல்

இணைப்பாடங்களுள் மிக வறண்டதாகக் கருதப்படும் கணக்கியலும் ஆழ்ந்த சிந்தனைக்கு வழிகாட்டும். தஞ்சையில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா தொழிலால் கணக்காளர். பின்னர் அமெரிக்காவில் வணிக ஆட்சியும் பொதுநிதியும் பயின்றவர். முதலையும் வருவாயையும் பிரித்து எழுதும் கணக்காளர் பழக்கத்தை அவர் இயற்கையின்மேல் செலுத்தினார். கரி, எண்ணெய், உலோகத்தாது ஆகியவை எடுக்க எடுக்கக் குறையும் தேக்கம். காடு, ஆறு ஆகியவை ஆண்டுதோறும் ஊறிவரும் ஓட்டம். தேக்கத்தைச் செலவிட்டு அதனை வருவாய் என்று எழுதும் நாடு, முதலைத் தின்னும் வணிகனைப் போன்றது.

தேர்வின் நெறி

இணைத்துக் கற்பதில் ஓர் இடர் உண்டு. இரண்டிலும் மேலோட்டமாக நின்றுவிடும் மாணவர் எதற்கும் உதவார். மேலே கண்ட அறிஞர் எவரும் இரு பாடங்களின் முன்னுரைகளோடு நின்றவரல்லர். ஒன்றின் கருவியை மற்றதன் வினாவுக்குள் செலுத்தும் அளவுக்குத் தேர்ந்தவர்கள். ஆகவே இணைப்பாடத்தில் தாள்களின் எண்ணிக்கையைவிட, ஒரு கருவியையேனும் முழுமையாகக் கைக்கொள்வதே பெரிது. நிலவியல் கற்பவர் ஒரு துளைக்குறிப்பைப் படிக்க வேண்டும். கணிதம் கற்பவர் வகைநுண்கணிதத்தைக் கையாள வேண்டும். சட்டம் கற்பவர் ஒரு தீர்ப்பை முழுதும் வாசிக்க வேண்டும். சமூகவியல் கற்பவர் ஓர் ஊரைக் கணக்கெடுக்க வேண்டும்.

தேர்வு பட்டப்படிப்பின் வாயிலில் தொடங்குவதுமன்று. பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் தொகுதியை எடுக்கும் மாணவர் பலர் கணிதத்தை அங்கேயே கைவிடுகின்றனர். தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் சிறப்புப் பட்டத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் இன்றியமையாதது. வெளிநாட்டு உயர்கல்விக்கும் பல இடங்களில் அவ்வாறே. நான்காம் பாடமாக வணிகக் கணிதமும் புள்ளியியலும் கிடைக்கும் பள்ளிகளில், அதனைத் தள்ளிவிட்டு எளியதைத் தேடுவது பின்னாளில் பல கதவுகளை அடைக்கும்.

நகரியத்தின் வட்டங்களிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வளரும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டுவது இதுவே. பொருளியலைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் சார்புப் பாடத்துக்கான விண்ணப்பத்தை நிரப்புமுன், உங்கள் ஊரின் கரி, நீர், நிலம், கூலி ஆகியவற்றுள் எதன் புதிர் உங்களை உறுத்துகிறது என்று முடிவு செய்யுங்கள். அப்புதிருக்குக் கருவி தரும் பாடம் எதுவோ, அதுவே உங்கள் இணைப்பாடம்.