சாலை மிதிவண்டிப் பந்தய விபத்துகள்

சாலை மிதிவண்டிப் பந்தய விபத்துகள் என்பவை தொழில்முறைச் சாலைப் பந்தயங்களில் வீரர்கள் கீழே விழுவதையும் மோதிக்கொள்வதையும் குறிக்கும். இவை எல்லா வீரர்களுக்கும் நேர்ந்தாலும் சிலர் மற்றவர்களை விட அடிக்கடி விழுகின்றனர். பந்தயத்தில் வீரரின் பணி, கூட்டத்தில் அவரது இடம், திறன், தற்செயல் ஆகியன இதற்குக் காரணங்களாகும்.

கூட்டமாக ஓட்டுதல்

பந்தயத்தில் வீரர்கள் பெலோட்டான் எனப்படும் பெருங்கூட்டமாகச் செல்வர். முன்னால் செல்பவரை ஒட்டி ஓட்டுபவருக்குக் காற்றுத்தடை வெகுவாகக் குறைகிறது. எனவே மிகக் குறைந்த இடைவெளியே விடப்படுகிறது. சக்கரங்கள் உரசினால் பெரும்பாலும் பின்னால் வருபவரே விழுகிறார். மிதிவண்டியின் சமநிலை முன்சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்புவதால் பேணப்படுகிறது. உரசும்போது அவ்வாறு திருப்ப இயலாது.

காரணங்கள்

கூட்டத்தின் முன்பகுதியில் இருப்பவருக்கு முன்னே விழுபவர்கள் குறைவு. ஆனால் குறுகிய சாலைகளில் எல்லா அணிகளும் முன்னிடத்துக்குப் போட்டியிடுவதால் அப்போட்டியே விபத்துகளை உண்டாக்குகிறது.

இறுதி விரைவோட்டத்தில் போட்டியிடுவோர் மிகை வேகத்தில் நெருங்கி ஓட்டுவதால் அவர்களுக்கு இடர் மிகுதி. ஈரமான இறக்கங்களில் வளைவைக் கணிக்கும் திறனும் தடுப்பியைக் கையாளும் திறனும் வீரருக்கு வீரர் வேறுபடுகின்றன. களைப்பு கவனத்தைக் குறைக்கிறது. முன்பு விழுந்ததால் ஏற்படும் அச்சம் உடலை விறைப்பாக்கி, மீண்டும் விழச் செய்யலாம்.

எனினும் விபத்துகள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. தற்செயலாகவே சிலருக்குத் தொடர்ந்து பல விபத்துகள் நேரக்கூடும்.

எடுத்துக்காட்டு

சுலோவீனிய வீரர் பிரிமோஜ் ரோக்லிச் முன்பு பனிச்சறுக்குத் தாண்டல் வீரராக இருந்தவர். ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தை நான்கு முறை (2019, 2020, 2021, 2024) வென்ற இவர், 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளின் டூர் டி பிரான்ஸ் பந்தயங்களில் விபத்துகளுக்குப் பின் விலகினார். தாமதமாக மிதிவண்டிக்கு வந்ததே காரணம் எனச் சிலர் கருதுவர். ஆனால் 2022 இல் சாலைக்கு நகர்ந்து வந்த வைக்கோல் கட்டின் மீது மோதியே அவர் விழுந்தார். 2024 இல் முன்னால் சென்ற வேறொருவர் விழுந்ததால் விழுந்தார். ஆகவே விபத்துகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒருவரின் திறனை மதிப்பிட இயலாது.

உயிரிழப்புகளும் விதிகளும்

1992 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இத்தாலியரான பாபியோ கசார்தெல்லி, 1995 டூர் டி பிரான்சில் பிரனீசு மலை இறக்கம் ஒன்றில் விழுந்து இறந்தார். கசக்கஸ்தானின் அந்திரேய் கிவிலேவ் 2003 பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் தலைக்கவசமின்றி விழுந்து இறந்தார். அவ்வாண்டே பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. 2020 போலந்து சுற்றுப் பந்தயத்தின் இறுதி விரைவோட்டத்தில் டச்சு வீரர் பாபியோ யாகோப்சன் தடுப்புவேலியில் மோதிப் படுகாயமடைந்தார். அவரைப் பாதையிலிருந்து விலகச் செய்த டிலன் குரோனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை விதிக்கப்பட்டது. இறக்கங்களில் மேற்சட்டக் குழாயின் மீது அமர்ந்து ஓட்டுவது 2021 இல் தடைசெய்யப்பட்டது. 2023 சுவிட்சர்லாந்து சுற்றுப் பந்தயத்தில் அந்நாட்டு வீரர் ஜீனோ மேடர் இறக்கம் ஒன்றில் பள்ளத்தில் விழுந்து மறுநாள் இறந்தார்.