வலியின்றி வரும் உதிரம்

பிள்ளைப்பேறு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் முதலில் எழுவது நோவு. இடுப்பு வலி கண்டால் வண்டி பிடிக்க வேண்டும். வலி இல்லையேல் இன்னும் நேரம் இருக்கிறது. இதுவே தலைமுறை தலைமுறையாக நம் இல்லங்களில் வழங்கிவரும் கணக்கு. பெரும்பாலும் இக்கணக்குத் தவறுவதில்லை. ஆயினும் இது முற்றிலும் பொய்த்துப்போகும் நிலை ஒன்று உண்டு. வலி சிறிதும் இன்றி, உறக்கத்தின் நடுவிலேயே, கருவுற்ற பெண்ணுக்கு உதிரம் பெருகக்கூடும். அவ்வேளையில் விடியட்டும் என்று காத்திருப்பது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாக முடியலாம். அந்நிலையைக் குறித்தே நேயர்களுக்குச் சில செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

நாம் மருத்துவர் அல்லோம். மத்திய அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி புரிகிறோம். சுகாதாரச் செய்திகள் பல எம் மேசைக்கு வந்து தமிழாகிப் போவதுண்டு. அவற்றுள் ஒன்றில் வந்த 'பிளசென்டா பிரீவியா' என்னும் சொல்லுக்குப் பொருத்தமான தமிழ் தேடி ஒருநாள் முழுவதும் செலவிட்டிருக்கிறோம். ஆனால், அச்சொல்லின் பொருள் எமக்கு உண்மையில் விளங்கியது அகராதியால் அன்று. தில்லியில் எம் குடியிருப்பில், அடுத்த வீட்டில் இருந்த ஓர் இளம்பெண்ணால்.

அப்பெண்ணுக்கு அது தலைப்பிரசவம். இருபதாவது வாரத்தில் எடுத்த ஸ்கேனில், "நஞ்சு தாழ்ந்து, கருப்பை வாயை மூடியிருக்கிறது, 32-ஆவது வாரத்தில் மீண்டும் பார்ப்போம்" என்று மருத்துவர் கூறினார். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம் அல்லவா? கும்பகோணத்துக்கு அருகில் உள்ள தம் ஊருக்கு அழைத்துச் செல்லத் தாயார் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார். சென்னைவரையிலுமே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் இரயில் பயணம். அதற்கு அப்பாலும் ஓர் இரவுப் பயணம். மருத்துவர் வேண்டா என்றார். உறவினர் சிலர் முகம் சுளித்தனர். இறுதியில் தாயாரே வளையல்களையும் மடியில் கட்டிக்கொண்டு தில்லிக்கு வந்து சேர்ந்தார். 32-ஆவது வாரத்து ஸ்கேனிலும் நஞ்சு இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த வாரம், கணவர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்த ஓர் இரவில், அப்பெண் கண்விழித்தபோது படுக்கை நனைந்திருந்தது. விளக்கை ஏற்றிப் பார்த்தால், செக்கச்செவேலென்று உதிரம். வலி என்பது எள்ளளவும் இல்லை. "வலி இல்லையே அம்மா, பயப்படாதே. விடியட்டும், போகலாம்" என்றார் தாயார். மூன்று பிள்ளைகளைப் பெற்ற அனுபவம் அவரை அவ்வாறு பேச வைத்தது. மகளோ, "இல்லை அம்மா, வலி இல்லாமல் வந்தால்தான் உடனே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று கூறி, எம் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் நினைவில் வைத்திருந்தமையே இரண்டு உயிர்களைக் காத்தது எனல் வேண்டும்.

இனி, இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பார்ப்போம். 'பிளசென்டா' என்னும் இலத்தீன் சொல்லுக்குத் தட்டையான பணியாரம் என்பது பொருள். 'பிரீவியா' என்றால் வழியில் முன்னே நிற்பது. நம் பாட்டிமார் இதனை நஞ்சு என்றும் நஞ்சுக்கொடி என்றும் கூறுவர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. பிள்ளைக்கு உணவையும் பிராணவாயுவையும் தாயின் இரத்தத்திலிருந்து பெற்றுத் தருவது இதுவே. இயல்பாக இது கருப்பையின் மேற்பகுதியில் ஒட்டி வளர்கிறது. சிலருக்குக் கீழ்ப்பகுதியில் ஒட்டி, பிள்ளை வெளிவரும் வாயிலையே அடைத்துவிடுகிறது. வாயிலை மூடாமல், அதன் விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டருக்கும் குறைவான தொலைவில் நிற்குமாயின் அதனைத் தாழ்ந்த நஞ்சு என்பர். நிறைமாதத்தில் ஏறத்தாழ 200 கருப்பங்களில் ஒன்றில் இவ்வாறு வாயிலை மூடும் நிலை காணப்படுகிறது.

இருபதாவது வாரத்து ஸ்கேனில் நஞ்சு தாழ்ந்துள்ளது என்று எழுதியிருந்தால் உடனே மனம் கலங்குதல் கூடாது. அத்தகைய பெண்கள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குப் பேறுகாலத்துக்கு முன்னரே அது விலகிவிடுகிறது. நஞ்சு நடந்து செல்வதில்லை. கருப்பையின் கீழ்ப்பகுதி விரிந்து நீள்கிறது. பலூனின் வாயருகே மையால் ஒரு புள்ளி இட்டு ஊதினால், ஊத ஊதப் புள்ளி வாயைவிட்டு விலகுவது போன்றது இது. ஆகவேதான் 32-ஆவது வாரத்தில் மீண்டும் பார்ப்பது இன்றியமையாதது. முதல் ஸ்கேனைக் கண்டு அஞ்சுவதும் தவறு. இரண்டாம் ஸ்கேனுக்குச் செல்லாமல் விடுவது அதனினும் பெரிய தவறு.

நஞ்சு விலகாமல் நின்றுவிட்டால், கடைசி மாதங்களில் கருப்பையின் கீழ்ப்பகுதி விரியும்போது நஞ்சினால் அதனுடன் சேர்ந்து விரிய இயலாது. ஒட்டிய இடம் சிறிது பெயர்கிறது. அங்குள்ள இரத்தக் குழாய்கள் திறந்துகொள்கின்றன. கருப்பை இறுகிச் சுருங்காமலே இது நிகழ்வதால் வலி தோன்றுவதில்லை. நஞ்சு தக்க இடத்தில் ஒட்டியிருந்தும் காலத்துக்கு முன்பே பிரிந்துவிடுவது வேறொரு நிலை. அதில் வயிறு கல்லைப்போல் இறுகிக் கடும் வலி உண்டாகலாம். உதிரம் வெளியே சிறிதே தென்படலாம். இரண்டும் ஆபத்தானவை, இரண்டுக்கும் உடனே மருத்துவமனை வேண்டும். சில பெண்களுக்கு நஞ்சு தாழ்ந்திருக்கும்போதே வலியும் சேர்ந்து வருவதுண்டு. எனவே வீட்டில் இருப்போர் இன்னது என்று தீர்ப்புக் கூற முற்படலாகாது.

இந்த அறிவு ஒரே நாளில் கிட்டியதன்று. நஞ்சு மேலிருந்து பெயர்ந்து கீழே விழுந்துவிட்டது என்றே பண்டை மருத்துவர் எண்ணியிருந்தனர். அது கருப்பை வாயிலேயே ஒட்டி வளர்ந்திருப்பதைப் பாரிஸ் நகரத்துப் பால் போர்ட்டல் 1685-ஆம் ஆண்டில் எழுதினார். இங்கிலாந்தில் நாரிச் நகரத்து எட்வர்டு ரிக்பி 1775-ஆம் ஆண்டில், இதனால் வரும் உதிரப்போக்குத் தவிர்க்க இயலாதது என்றும், மற்றது தற்செயலாய் நேர்வது என்றும் பிரித்துக் காட்டினார். ஆயினும் நெடுங்காலம், உதிரம் கண்டவுடனே பிள்ளையை வெளியே எடுப்பதே வழக்கமாக இருந்தது. குறைமாதப் பிள்ளைகள் பல அதனால் மாண்டன. 1945-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரத்து மருத்துவர் மக்காஃபி, 174 பெண்களின் அனுபவத்தை ஆராய்ந்து வேறு வழி கூறினார். முதன்முறை வரும் உதிரம் பெரும்பாலும் தானே நின்றுவிடும். விரலை உள்ளே செலுத்திச் சோதிப்பதே பெருக்கை வருவிக்கும். இரத்தமும் அறுவை அறையும் ஆயத்தமாய் உள்ள மருத்துவமனையில் தாயை வைத்துக்கொண்டு, பிள்ளை வளரும் வரை பொறுத்திருக்கலாம் என்பன அவர் கண்ட முடிவுகள். 1958-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து அயன் டொனால்டும் அவருடைய துணைவரும் ஒலி அலைகளால் வயிற்றின் உள்ளே காணும் முறையை வெளியிட்டனர். அதன் பயனாக நஞ்சின் இருப்பிடத்தைக் கையால் தொடாமலே அறிய முடிந்தது.

எம் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் இம்முறையே கைகொடுத்தது. மருத்துவமனையில் எவரும் கையால் உட்சோதனை செய்யவில்லை. ஸ்கேன் எடுத்தனர், இரத்தத்தின் வகையைப் பார்த்து அதே வகை இரத்தத்தை ஒதுக்கி வைத்தனர், பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியும் போட்டனர். விடிவதற்குள் உதிரம் நின்றுவிட்டது. ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை.

அதன்பின் வந்த மூன்று வாரங்களைப் பற்றி அப்பெண் பின்னாளில் எம்மிடம் கூறியவை மறக்கற்பாலன அல்ல. உடம்பில் நோய் இல்லை, பசிக்கிறது, பிள்ளை துள்ளுகிறது. ஆயினும் கட்டிலை விட்டு நெடுந்தொலைவு செல்லக்கூடாது. ஒவ்வொரு முறை கழிப்பறைக்குச் செல்லும்போதும் துணியைப் பார்க்க நெஞ்சு படபடக்கும். அருகில் இருந்த பெண்கள் பெற்றுக்கொண்டு வீடு திரும்புவர். தாம் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பார். "வெறுமனே படுத்திருப்பதற்கா இவ்வளவு நாள்?" என்று வந்துபோகும் உறவினர் கேட்பர். இவற்றை எல்லாம்விட அவரை வாட்டியது ஒரே வினா. "மாடிப்படி ஏறி இறங்கினேனே, அதனாலா? பஸ்ஸில் அலுவலகம் போனேனே, அதனாலா?" என்று இரவெல்லாம் தம்மையே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தாராம்.

அந்த வினாவுக்கு விடை தெளிவானது. கரு எங்கே ஒட்டவேண்டும் என்பதை எந்தப் பெண்ணும் தீர்மானிப்பதில்லை. படி ஏறியதாலோ, பப்பாளி உண்டதாலோ, கிரகணத்தில் வெளியே வந்ததாலோ நஞ்சு கீழே இறங்கிவிடாது. முன்பு சிசேரியன் ஆனவர், கருப்பையைச் சுரண்டும் சிகிச்சை பெற்றவர், 35 வயதைக் கடந்தவர், இரட்டைப் பிள்ளை சுமப்பவர், புகைபிடிப்பவர், முன்னொரு முறை இந்நிலை கண்டவர் ஆகியோரிடம் இது சற்று மிகுதியாகக் காணப்படுகிறது. இவற்றுள் எதுவும் இல்லாதவர்க்கும் வரலாம். நாள் முழுவதும் அசையாமல் படுத்துக் கிடப்பதனால் நஞ்சு மேலேறுவதும் இல்லை. மருத்துவர் கூறும் அளவுக்கு நடமாடுவதே நன்று. கடும் உழைப்பையும், நெடும்பயணத்தையும், தாம்பத்திய உறவையும் தவிர்த்தல் வேண்டும்.

முன்பு சிசேரியன் ஆன பெண்களுக்கு மற்றுமோர் எச்சரிக்கை உண்டு. பழைய தழும்பின்மீது நஞ்சு படிந்தால், அது கருப்பைச் சுவருக்குள் வேரூன்றிப் பிரிய மறுக்கலாம். ஒருமுறை சிசேரியன் ஆகியிருந்து, இப்போது நஞ்சும் வாயிலை மூடியிருந்தால், நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்கு இவ்வாறு நேர்வதாகக் கண்டிருக்கிறார்கள். சிசேரியன் எண்ணிக்கை ஏற ஏற இதுவும் ஏறுகிறது. அத்தகையோர் பெரிய மருத்துவமனையில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுதல் நலம்.

நஞ்சு வாயிலை மூடியிருக்கும்போது பிள்ளை இயற்கை வழியே வர இயலாது. சிசேரியன் ஒன்றே வழி. வேறு சிக்கல் இல்லையேல் 36, 37-ஆவது வாரங்களில் நாள் குறிப்பர். எம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 36 வாரம் நிறைந்த அன்று செய்தனர். கருப்பையின் கீழ்ப்பகுதி மேற்பகுதியைப் போல இறுகிச் சுருங்காது. ஆதலின் பிள்ளை பிறந்த பின்னும் உதிரம் பெருகியது. இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினர். பெண் குழந்தை, எடை 2.4 கிலோ. கணவரின் அலுவலகத் தோழர் இருவர் அன்று காலையிலேயே சென்று இரத்த வங்கிக்குத் தம் இரத்தத்தை அளித்துவிட்டு வந்திருந்தனர். பணம் பெற்று இரத்தம் விற்கும் முறை 1998-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஒழிக்கப்பட்டுவிட்டது. தாயின் நரம்பில் ஏறும் ஒவ்வொரு துளியும் யாரோ ஒருவர் மனமுவந்து அளித்ததே.

நம் நாட்டில் ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2004-06 காலத்தில் 254 தாய்மார் இறந்தனர். 2018-20 காலத்தில் அது 97 ஆகக் குறைந்தது. மகிழத்தக்கதே, ஆயினும் அந்த 97-இல் உதிரப்போக்கினால் மாண்டவர் பங்கு பெரிது. இரத்தச் சோகை உள்ள உடல் சிறிது இழப்பையும் தாங்காது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கருவுற்ற பெண்களில் 52 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை இருந்தது. எனவே இரும்புச்சத்து மாத்திரையை அலட்சியம் செய்யலாகாது.

வழிகள் இல்லாமல் இல்லை. 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்கீழ் அரசாங்க மருத்துவமனைகளில் பிரசவம், சிசேரியன், இரத்தம், போக்குவரத்து யாவும் இலவசம். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள் கருவுற்ற பெண்களுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. பல மாநிலங்களில் 108 அல்லது 102 என்ற எண்ணில் ஆம்புலன்சை அழைக்கலாம். பிறந்த ஊரைவிட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம் குடும்பத்தார் இரண்டு செயல்களை இன்றே செய்து வைத்தல் வேண்டும். இரவிலும் அறுவைச் சிகிச்சையும் இரத்தமும் கிடைக்கும் மருத்துவமனை எது என்று விசாரித்து வையுங்கள். கருவுற்ற பெண்ணின் இரத்த வகையை எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். தாய்வீட்டுக்கு அனுப்ப நாள் பார்ப்பதற்கு முன் ஸ்கேன் தாளைப் பாருங்கள். மகள் வர இயலாதெனில் தாய் வரட்டும்.

அக்குழந்தை இப்போது எம் வீட்டு வாசலில் தத்தி நடக்கிறது. அதன் பாட்டியார் ஒவ்வோர் ஆண்டும் ஊரிலிருந்து வருகிறார். குடியிருப்பில் கருவுற்ற பெண் எவரைக் கண்டாலும் அவர் நிறுத்திச் சொல்வது ஒன்றே: "வலி வந்தால் வண்டி கூப்பிடு, அம்மா. வலி இல்லாமல் இரத்தம் வந்தால், அதைவிட வேகமாகக் கூப்பிடு."