அமாவாசைக்கு அமாவாசை ஆயாவின் பிரயாணம்

செஞ்சி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மலைமேல் கோட்டை. தேசிங்கு ராஜன். நீலவேணிக் குதிரை.

எனக்கு ஞாபகம் வருவது ஒரு கட்டை வண்டி. வண்டி நிறைய வைக்கோல். வைக்கோல்மேல் ஜமக்காளம். ஜமக்காளத்தின் நடுவே, மடியில் புளிச்சோற்று மூட்டையோடு எங்கள் ஆயா.

எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். என் அப்பாவைப் பெற்றவள். செஞ்சிக்குத் தெற்கே இருக்கும் அனந்தபுரம் எங்கள் ஊர். அன்றைக்குத் தென்னாற்காடு ஜில்லா. 1993-ல் ஜில்லா பிரிந்தபின் விழுப்புரம் மாவட்டம். நான் சொல்லப்போவது 1960-ஐ ஒட்டிய வருஷங்களின் கதை.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரை அவள் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடம் போகும் என்னிடம் மட்டும் மாதம் ஒரு தடவை கேட்பாள்:

"கண்ணு, அமாவாசை என்னிக்குன்னு பார்த்துச் சொல்லு."

நான் காலண்டரைப் பார்த்துச் சொல்வேன். உடனே விரல் விட்டு நாட்களை எண்ணுவாள். அந்தக் கேள்விக்குள் ஒரு ரகசியம் இருந்தது. அது எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று.

எடுத்து வைத்த ஒரு சொம்பு

ஆடி மாதம் பிறந்தால் ஊரெல்லாம் அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பார்கள். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். மறுநாள் நொய்யை வேகவிட்டு, மாவை அதில் ஊற்றி, கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். கிண்டுகிறவளுக்குத் தோள்பட்டை விட்டுப் போகும். ஆறிய கூழில் மோரும் சின்ன வெங்காயமும். தொட்டுக்கொள்ள முருங்கைக் கீரை. எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பும் உண்டு.

கலியாணமான பெண்களைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரும் மாதமும் ஆடிதான். என் இரண்டு அத்தைகளில் பெரிய அத்தை வந்துவிடுவாள். சின்ன அத்தை வரமாட்டாள். கூழ் பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, ஆயா தனியாக மூடி வைப்பாள். பொழுது சாயும்வரை அது அப்படியே இருக்கும். பிறகு மாட்டுத் தொட்டியில் கொட்டிவிடுவாள். நாங்கள் யாரும் ஏன் என்று கேட்கமாட்டோம்.

காரணம் இதுதான். சின்ன அத்தைக்கு 1959-ல் கலியாணம். மேல்மலையனூருக்கும் அப்பால், அவலூர்ப்பேட்டை பக்கத்துக் கிராமத்தில் கொடுத்தார்கள். பேசிய சீரில் ஒரு ஜோடி தங்கக் காப்பு பாக்கி. அறுவடை முடிந்ததும் போடுவதாகத் தாத்தா வாக்குக் கொடுத்தார். அந்த வருஷம் பார்த்துக் கிணறு வற்றியது. மல்லாட்டை காலை வாரிவிட்டது. (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை.) சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள்: "காப்பு வரட்டும். அப்புறம் பொண்ணு வருவா."

தாத்தாவும் அப்பாவும் இரண்டு தடவை போய்ப் பேசினார்கள். பலிக்கவில்லை. ஆயா பேசவே போகவில்லை. அவள் வேறு வழி வைத்திருந்தாள்.

மாமியார் எதைத் தடுத்தாலும் சாமியைத் தடுக்க முடியுமா? மேல்மலையனூர் அங்காளம்மன் இரண்டு குடும்பத்துக்கும் குலதெய்வம். அமாவாசை அங்கே விசேஷ நாள். சின்ன அத்தை அமாவாசைக்கு அமாவாசை கோயிலுக்கு வருவாள். ஆயாவும் போவாள். செஞ்சி வரை வண்டி, அப்புறம் பஸ். குளத்தங்கரைக் கூட்டத்தில் இருவரும் சந்திப்பார்கள். அரை மணி நேரம். சில மாதம் அதுவும் இல்லை. அத்தைக்கு வர முடியாத அமாவாசையும் உண்டு. அன்று ஆயா கொண்டுபோன அதிரசம் அப்படியே திரும்பி வரும். நாங்கள் சந்தோஷமாகத் தின்போம். சிறுபிள்ளைப் புத்தி!

முகத்தைத் திருப்பிய ரங்கநாதர்

புரட்டாசி சனிக்கிழமைகளில் ஒன்றில் சிங்கவரம் போவோம். செஞ்சிக்குப் பக்கத்திலேயே உள்ள ஊர். படியேறிப் போனால், மலைப்பாறையைக் குடைந்த குகைக்குள் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். பல்லவர் காலத்துக் கோயில்.

அங்கே ஆயா வருஷம் தவறாமல் ஒரே கதையைச் சொல்வாள். தேசிங்கு ராஜன் சண்டைக்குப் புறப்படும் முன் இங்கே விடை கேட்க வந்தானாம். "போகாதே" என்று சொல்வதுபோல் ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அவன் கேட்கவில்லை. போனான், மாண்டான்.

சரித்திரம் சொல்வது இது: ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கப்பப் பாக்கி கேட்டுப் படையெடுத்து வந்தார். 1714-ல் நடந்த சண்டையில் தேசிங்கு இறந்தபோது அவனுக்கு வயது 22. அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். ராணிப்பேட்டைக்கு அவள் நினைவாகவே அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். 1960-ல் வெளிவந்த எம்.ஜி.ஆரின் 'ராஜா தேசிங்கு' எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்தபோது, ஆயா மண் தரையில் உட்கார்ந்து இரண்டு தரம் பார்த்தாள்.

கதையை முடித்துவிட்டு ஆயா சொல்வாள்: "பாக்கி கேட்டு வந்தவன்கிட்ட ரோஷப்படக் கூடாதுடா." அவள் மனதில் இருந்தது நவாபு இல்லை என்று இப்போது தெரிகிறது.

மாவலிப் பொறி

கார்த்திகை எங்களுக்கு, அதாவது பையன்களுக்கு, தீபாவளியைவிடப் பெரிது. ஏன் தெரியுமா? மாவலி!

இன்றைய குழந்தைகளுக்கு மாவலி தெரியாது. ஆண்பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்க வேண்டும். கரியைப் பொடி செய்து, பழந்துணியில் சுருட்டிப் பொதிய வேண்டும். பிளந்த பனை மட்டைகளுக்கு நடுவே அதை வைத்துக் கட்டி, கயிற்றில் மாட்ட வேண்டும். நுனியில் நெருப்பு வைத்துத் தலைக்குமேல் சுழற்றினால், நட்சத்திரம் நட்சத்திரமாகப் பொறி கொட்டும். ஆளைச் சுற்றி ஒரு நெருப்புக் குடை விரியும். செலவு ஒரு காசு கிடையாது. பனம்பூ சுடுவதில் ஆயா கெட்டிக்காரி. கொஞ்சம் அதிகமாக எரிந்தால் சாம்பல். குறைந்தால் பொறி வராது.

திருவண்ணாமலை எங்களுக்கு மேற்கே இருக்கிறது. 2,668 அடி உயரமான அந்த மலையின் உச்சியில் மாலையில் தீபம் ஏற்றுவார்கள். எங்கள் ஊர்ப் பாறைமேல் ஏறி நின்று ஆயா மேற்கே பார்ப்பாள். "அதோ தெரியுது!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். எனக்கு ஒரு வருஷமும் தெரிந்ததில்லை. மழை மேகம்தான் தெரியும். ஆனாலும், "ஆமாம் ஆயா, தெரியுது" என்று சொல்லி வைப்பேன். "உன் சின்ன அத்தையும் இந்நேரம் இதைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பா" என்பாள்.

பனமலை அம்மன்

தைப் பொங்கலில் நெல் வீட்டுக்கு வந்திருக்கும். கையில் நாலு காசு இருக்கும். காணும் பொங்கலன்று சோறு கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஒரு வருஷம் செஞ்சிக் கோட்டை. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். பாதி மலையில் ஆயா உட்கார்ந்துவிடுவாள். எங்கள் செருப்புக்கெல்லாம் அவள்தான் காவல்.

மறு வருஷம் பக்கத்திலேயே பனமலை. ஏரிக்கரையில் சின்னக் குன்று. அதன்மேல் தாளகிரீசுவரர் கோயில். கட்டியவன் ராஜசிம்ம பல்லவன். சுமார் 1,300 வருஷத்துக்கு முந்தியது. அங்கே ஒரு சிறு சந்நிதிச் சுவரில் பார்வதியின் வண்ண ஓவியம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தலையில் கிரீடம், மேலே குடை, ஒரு காலை மடக்கி நின்று சிவன் ஆடுவதைப் பார்க்கிறாள். படித்தவர்கள் அந்த ஓவியத்தைப் பற்றிப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். ஆயாவுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் பார்த்தது அம்மனின் கையைத்தான். "எத்தனை வளையல் பாரு!" என்றாள். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

அந்தக் காப்புக்காக ஆயா என்ன பாடுபட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி சாப்பாட்டுக்குப்பின் மூட்டை மூட்டையாக மல்லாட்டை உடைப்பாள். பிறத்தியார் மல்லாட்டை. உடைத்துக் கொடுத்தால் கூலி. அந்தக் காசு மிளகாய்ப் பானையின் அடிக்குப் போகும். மிளகாய்ப் பானைக்குள் யாரும் கைவிட மாட்டார்கள் அல்லவா? மூன்று வருஷம் உடைத்தாள்.

மயானத்தில் ஒரு சமாதானம்

மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் மேல்மலையனூரில் மயானக் கொள்ளை. அம்மன் சுடுகாட்டுக்கு எழுந்தருள்வாள். குடியானவர்கள் தங்கள் நிலத்தில் விளைந்த நெல், கேழ்வரகு, காய்கறி, கிழங்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து அங்கே குவிப்பார்கள், வாரி இறைப்பார்கள். கொழுக்கட்டையும் சுண்டலும் சில்லறைக் காசும் பறக்கும். விழுவதில் ஒரு பிடி கிடைத்தாலும் பாக்கியம் என்று ஜனங்கள் முட்டி மோதுவார்கள். அந்தத் திருவிழாத் தேரையும் வருஷா வருஷம் பச்சை மரம் வெட்டிப் புதிதாகத்தான் கட்டுவார்கள்.

ஒரு மாசி. எனக்கு எட்டு வயது. குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு போனோம். ஆயாவின் மடியில், துணியில் முடிந்த ஒரு ஜோடி காப்பு. சின்ன அத்தையைத் தேடிப் போனால், அத்தையோடு அவள் மாமியாரும் நிற்கிறார்! ஆயாவுக்கு வாய் அடைத்துப் போயிற்று.

அந்த அம்மாள் சிரித்தார். "என்ன சம்பந்தி, நின்னுட்டீங்க? மூணு வருஷமா அமாவாசைக்கு அமாவாசை இவ தலைநிறையப் பூ வெச்சுக்கிட்டுக் கிளம்பறா. எனக்குத் தெரியாதா? நானும் ஒருத்தி வயித்துல பொறந்தவதானே?"

ஆயா பேசாமல் முடிச்சை அவிழ்த்தாள். அந்த அம்மாள் காப்பைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "பொண்ணை அழைச்சுக்கிட்டுப் போய் ஒரு மாசம் வெச்சிருங்க. அனுப்பும்போது இதைக் கையில போட்டு அனுப்புங்க" என்றார்.

காப்பு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள்! ஆனால் மூன்று வருஷம் தெரிந்தே அமாவாசைக்கு அனுப்பினாரே, அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன்.

அதே மாசி மகத்துக்குப் புதுச்சேரிக் கடல். மயிலம் முருகன், திண்டிவனம் நரசிம்மர், செஞ்சி ரங்கநாதர் என்று பல ஊர்ச் சாமிகள் வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக்குக் கூடும் நாள் அது. சாமிக்கே ஒரு நாள் வெளியூர்ப் பயணம் இருக்கும்போது நமக்கென்ன? சின்ன அத்தையையும் கூட்டிக்கொண்டு போனோம். கடற்கரையில், இன்று காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற பெரிய கல் தூண்கள் அப்போதும் உண்டு. செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை என்று அப்பா சொன்னார். ஆயா ஒரு தூணைத் தடவிப் பார்த்தாள். "இதுவும் நம்ம ஊர்லேருந்து வாக்கப்பட்டு வந்ததா!" என்றாள்.

கூத்துப் பாய்

பங்குனி, சித்திரையில் வயல் காலி. வேலை இல்லை. அப்போதுதான் திரௌபதையம்மன் கோயில்களில் பாரதம். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் தெருக்கூத்து. செஞ்சிப் பக்கம் இதற்குப் பெயர்போனது. செஞ்சிக்கு அருகில் உள்ள மேலச்சேரி திரௌபதை கோயிலே ஆதிக் கோயில் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். 1988-ல் ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே வெளியிட்டார்.

அந்த வருஷம் சின்ன அத்தை எங்களோடு பாயில் உட்கார்ந்து கூத்துப் பார்த்தாள். முகவீணை அலறும். மரக் கிரீடமும் புஜக்கட்டையும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பளபளக்கும். கட்டியக்காரன் வந்தால் சிரித்துவிட்டுத் தூங்கிப்போவேன். துகில் உரியும் கட்டம் வந்ததும் ஆயா உலுக்கி எழுப்புவாள். கடைசி நாள் காலையில் படுகளம். தரையில் மண்ணால் செய்த பிரமாண்டமான துரியோதனன் படுத்திருப்பான். திரௌபதை கூந்தலை முடிவாள். விடிய விடிய விழித்த சனம் அப்போது ஒரு பெருமூச்சு விடும் பாருங்கள்!

ஒரு மாசம் கழித்து, கையில் காப்போடு அத்தை புருஷன் வீட்டுக்குத் திரும்பினாள். அடுத்த ஆடிக்குக் கூழ் குடிக்க வந்தாள். எடுத்து வைத்த சொம்பை அவளே காலி செய்தாள்.

ஆயா போய் நாற்பது வருஷம் ஆகிறது. 2025 ஜூலையில் மராட்டியர் காலத்து 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் செஞ்சி ஒன்றுதான். செய்தியைக் கேட்டதும் பேரப்பிள்ளைகள் சென்னையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். சின்ன அத்தைக்கு இப்போது எண்பத்தைந்துக்கு மேல். அவளும் வந்தாள். பாதி மலை வரை ஏறவில்லை. அடிவாரத்திலேயே உட்கார்ந்து, மடியில் அவித்த மல்லாட்டையைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இறங்கி வந்ததும் ஆளுக்கு ஒரு கை கொடுத்தாள். பிறகு என் பேத்தியின் கையிலிருந்த செல்போனைக் காட்டி, "இதுல அமாவாசை என்னிக்குன்னு தெரியுமா, பார்த்துச் சொல்லு" என்றாள்.