இருநூற்றுப் பதினான்கு கோடியே சொச்சம்

நிரல் எழுதுபவர்களுக்கு 2147483647 பழகிய எண். 32 பிட் முழு எண்ணில் ஒரு பிட்டைக் குறிக்கு (கூட்டலா, கழித்தலா) ஒதுக்கினால், மிச்சமுள்ள 31 பிட்டில் அடங்கும் உச்சம் இதுதான். அதாவது 2^31 - 1. இது ஒரு பகா எண் என்பது பலருக்குத் தெரியாது.

இதை நிறுவியவர் ஆய்லர், 1772இல். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முற்றிலும் போயிருந்தது. நேர்வழியில் போனால் இதன் வர்க்கமூலமான 46340 வரையுள்ள சுமார் 4800 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லர் அப்படிச் செய்யவில்லை.

இந்த எண்ணுக்கு ஒரு பகா வகுத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதனால் 2இன் அடுக்குகளை வகுத்து மீதியைப் பார்த்தால், 31 படிக்கு ஒருமுறை 1 வரும். ஃபெர்மாவின் தேற்றப்படி, வகுத்தியில் ஒன்று குறைந்த படியிலும் மீதி 1 வந்தாக வேண்டும். 31 பகா எண். ஆகவே வகுத்தியில் ஒன்றைக் கழித்தால் 31இன் மடங்கு கிடைக்க வேண்டும். அது இரட்டைப்படையும்கூட என்பதால் 62இன் மடங்கு. இன்னொரு சல்லடையும் உண்டு. 2^32ஐ அந்த வகுத்தியால் வகுத்தால் மீதி 2. 2^32 ஒரு வர்க்க எண். அப்படியானால் வகுத்தியை 8ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் வகுத்தி 248ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதி தரும் எண்ணாக இருக்க வேண்டும். 46340க்குள் அப்படிப்பட்டவை சுமார் 370. அவற்றிலும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். எதுவும் வகுக்கவில்லை.

1811இல் பீட்டர் பார்லோ, இதிலிருந்து கிடைக்கும் நிறைவெண்ணைவிடப் பெரியதை எவரும் கண்டுபிடிக்கப்போவதில்லை, பயனில்லாத வேலைக்கு யார் மெனக்கெடுவார்கள் என்ற பொருளில் எழுதினார். 1876இல் லூக்கா 39 இலக்கமுள்ள 2^127 - 1 பகா எண் என்று காட்டிவிட்டார். 2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட மெர்சென் பகா எண்ணுக்கு நான்கு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள்!

பயனில்லை என்பதும் சரியல்ல. ஓர் எண்ணை 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து, மீதியை மறுபடி பெருக்கிக்கொண்டே போனால், 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களும் ஒழுங்கு தெரியாத வரிசையில் ஒருமுறை வந்த பிறகே சுழற்சி திரும்பும். பழைய சமவாய்ப்பு எண் நிரல்கள் பல இப்படி இயங்கியவை. வகு எண் பகா எண்ணாக இருப்பதால்தான் இது நடக்கிறது.

உச்ச எண் என்ற முகம்தான் தொல்லை. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணும் கருவிகளில், 2038 ஜனவரி 19 அன்று கிரீன்விச் நேரம் அதிகாலை 3:14:07க்கு இந்த எண் நிரம்பும். அடுத்த நொடி அவை 1901க்குப் போய்விடும். 64 பிட்டுக்கு மாற்றுவதே தீர்வு. கணினிகள் பெரும்பாலும் மாறிவிட்டன, யாரும் திறந்து பார்க்காத பழைய தொழிற்சாலைக் கருவிகளைப் பற்றித்தான் கவலை.

64 பிட்டில் உச்சம் 2^63 - 1. அது பகா எண்ணல்ல. 63 மூன்றால் வகுபடுவதால், அது 7ஆல் வகுபடும்.